மிட்டாய் எழுத்து

அப்போது கியூர்பிப் ஊர் அச்சகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி க்ளோட், எழுத்துக் கோக்கும் ஒதில், மோகாவிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்த தலைமைக் குமாஸ்தா குருமூர்த்தி. காயப்போட்ட தேர்தல் சுவரொட்டிகளுக்குக் கீழே, மேஜைமேல் கிடந்த ஓர் அழைப்புக் கார்டைக் குருமூர்த்தியின் விரல் குத்திக் காட்டியது.

மாதிரிக்கு முதல் வரி மட்டுமே அடித்திருந்தார்கள். 'ஜான்-போலும் சாந்தகுமாரியும் பெருமகிழ்ச்சியுடன் தெரிவிப்பது' என்று பிரெஞ்சில் இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் பூரிபோல உப்பி, பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நின்றது.

"என்ன எழுத்து இது, முசியே? மிட்டாய் டப்பாவா?" அந்த ஊரில் ஐயாவெல்லாம் முசியேதான்.

"அந்தப் பொண்ணே ஆசையாத் தேடி எடுத்தது" என்றார் க்ளோட்.

"அவ யார் வீட்டுப் பொண்ணு தெரியுமா? அந்தக் குடும்பத்துப் பேரை இதுவரைக்கும் ஒருத்தரும் கோணலா எழுதினதில்ல."

"கோணல் எங்க இருக்கு? உருண்டையாத்தானே இருக்கு!" ஒதில் சிரித்தாள்.

க்ளோட் அவளை முறைத்தார். "எழுத்துன்னா அதது இடத்துல இருக்கணும், முசியே. வக்கீல் பலகைக்கு நிமிர்ந்த எழுத்து. இந்த உருண்டை எழுத்து பொம்மைக் கடைக்கு, சர்க்கஸுக்கு. கல்யாணத்துக்கு இதை நான் தொடவே மாட்டேன். அதுக்குச் சாய்ஞ்ச எழுத்துதான் மரியாதை."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க!"

ஆனால் குருமூர்த்தி எழுத்துக்காக வரவில்லை. மகள் சாந்தகுமாரி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன தைப்பூசத்துக்கு வந்து போனவள், 'லீவு இல்லை' என்று கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஜான்-போலுக்கும் அடுத்த மாதம் மாதா கோயிலில் கல்யாணம், கார்டு இங்கே அச்சாகிறது என்று காலையில் பஸ்ஸில் கூட வேலை பார்க்கும் மொரிஸ் காதைக் கடித்தான். மனைவி சாரதாம்பாளிடம்கூடச் சொல்லாமல் ஓடிவந்திருந்தார்.

"இதை அடிக்காதீங்க" என்றார். எவரிடமும் வளையாத குரல் அன்று உடைந்தது.

"நான் அடிக்கலேன்னா அடுத்த தெருவுல அடிப்பாங்க."

"ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. நான் பேசிப் பாக்கிறேன். காலம் இன்னும் கைமீறிப் போகல. நான்... அவ அப்பா."

க்ளோட் தலையைக் குனிந்துகொண்டார். ஒதில் கையிலிருந்த மையைத் துடைத்துவிட்டு, முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

"என்ன பேசப் போறீங்க, முசியே?" என்று கேட்டாள்.

"கல்யாணத்தை நிறுத்தத்தான். அடுத்த மாசம்னு ஊரே சொல்லுதே!"

ஒதில் கார்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஊர் சொல்றது தப்பு, முசியே. கல்யாணம் போன வருஷமே முடிஞ்சுபோச்சு. இது உங்க பேத்தியோட ஞானஸ்நானத்துக்கு."