பார்த்தும் பதில் போடாதவர்கள்

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தியும் பதில் போடவில்லை.

ஹேமலதா மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தாள். ஆட்டிசம் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழு. புதுச்சேரி முழுக்க ஆட்கள். முந்தாநாள் அவள் போட்ட செய்திக்குக் கீழே ஒரு கைகூப்பும் பொம்மைகூட இல்லை.

பெரிதாக என்ன கேட்டுவிட்டாள்?

‘என் மகன் செழியனுக்குப் பதினேழு வயது. என்னைவிட உயரம். கோபம் வந்தால் அடிக்கிறான். போன வாரம் தள்ளிவிட்டதில் என் மணிக்கட்டு உடைந்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் அவன் அப்பா. யாராவது சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்தால் அது தப்பா?’

அவ்வளவுதான். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் அழித்து அழித்து எழுதினாள்.

அதற்குக் கீழே யாரோ ஒருத்தி தன் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைப் போட்டிருந்தாள். அதற்கு வரிசையாக இதயங்கள்.

“கேக்குக்குக் குடுக்கற மரியாதை என் கைக்கு இல்ல” என்றாள் கணவரிடம்.

எழிலரசன் மகனுக்கு இட்லியைப் பிட்டு, ஒரு துண்டு இன்னொன்றைத் தொடாமல் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். தொட்டால் சாப்பிட மாட்டான். அவரவர் வீட்டில் என்ன பாடோ, விட்டுவிடு என்றார். இல்லத்தில் ஒரே ஒரு இடம்தான் காலி, திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தினார்.

விடுகிறவளா ஹேமலதா? கான்வென்ட்டில் படிக்கும்போதே சிஸ்டர்களை எதிர்த்துப் பேசியவள். அந்தக் குழுவில் யார் என்ன கேட்டாலும் முதல் பதில் அவளுடையதாகத்தான் இருக்கும். பூசி மெழுகத் தெரியாது. பிள்ளைக்கு மந்திரிக்கப் போகிறேன் என்றவளுக்கும், நாள் பூரா டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுப் பேச்சு வரவில்லை என்று புலம்பியவளுக்கும் உறைக்கிற மாதிரி எழுதியிருக்கிறாள். நல்லதுக்குத்தானே?

இப்போது இவளுக்கென்று ஒரு கேள்வி வந்ததும், மொத்தக் குழுவுக்கும் வாய் அடைத்துவிட்டது.

‘எல்லாருக்கும் மெர்சி, ரொம்ப நன்றி’ என்று எழுதிப் போட்டுவிட்டுக் குழுவைவிட்டு வெளியேற விரலை வைத்தபோது போன் அதிர்ந்தது.

“அக்கா, ஜெயம் பேசறேன். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். பெல் அடிச்சா தம்பிக்கு ஆகாதேன்னு போன் பண்ணேன்.”

ஜெயம் அரியாங்குப்பத்துக்காரி. மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. முன்பு தெரபி சென்டரில் பார்த்த பழக்கம். அவள் குழுவில் இருப்பதே ஹேமலதாவுக்கு மறந்துபோயிருந்தது. அவள் அதில் ஒரு வரி எழுதி ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்.

“உடனே வரணும்னு பார்த்தேன். ஷிஃப்ட் மாத்திக் குடுக்க மாட்டேன்னுட்டாங்கக்கா” என்றாள். பஸ் மாறி மூலக்குளம் வந்து, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நாற்காலியில் உட்காரவில்லை. செழியனின் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அவனும் ஒன்றும் செய்யவில்லை. இட்லியைத் தின்றான். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய மகள் கார்குழலி இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு இல்லத்தில்தான் இருக்கிறாளாம். விட்டுவிட்டு வந்தபோது இவள்தான் அழுதாளாம். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அதை நினைத்து அதற்கும் அழுதாளாம். இப்போது அந்தப் பெண் தானே தலை பின்னிக்கொள்கிறாளாம்.

“வர்ற ஞாயித்துக்கிழம என்கூட வாங்கக்கா. எடத்த நேர்ல பாருங்க. அப்புறம் சேர்க்கறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. எதுவா இருந்தாலும் நீங்க கெட்டவங்க இல்ல.”

ஹேமலதாவுக்கு அப்போதும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“நீ ஒருத்தி வந்த. அத்தனை பேர் இருக்காளுங்களே, ஒருத்தியாவது வாயத் தொறந்தாளா? மனுஷங்களா அதுங்க?”

ஜெயம் தரையைப் பார்த்தாள்.

“அவங்க மேல தப்பில்லக்கா. நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, யாரும் எதுவும் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.”

“நீயா? எதுக்குடி?”

“போன வருஷம் நானும் இதே கேள்வியக் கேட்டேன். நீங்கதான் மொதல்ல பதில் போட்டீங்க.”

ஹேமலதாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம் வந்தது, ஓர் எழுத்து விடாமல்.

‘பெத்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளுகிறவளுக்கு இந்தக் குழுவில் என்ன வேலை?’

அதை அனுப்பிவிட்டு, குக்கரை இறக்க எழுந்து போனதுகூட ஞாபகம் வந்தது.

மாவுக்கட்டுக் கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஜெயம்தான் பேசினாள்.

“அந்தப் பதிலையே எடுத்து உங்களுக்குத் திருப்பிப் போடணும்னு நாலஞ்சு பேர் நின்னாங்கக்கா. ஒருத்தர் ஆறுதலா எழுதினாக்கூட, அதுக்குப் பின்னாலயே அந்தப் பதிலும் வந்துரும். அதான் மொத்தமா வேணாம்னுட்டேன். அதப் படிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”