சாக்பீஸ் வட்டம்

இரண்டு முறை கலைந்த பிறகு மூன்றாவதாகத் தரித்த கரு. அது தங்குவதற்கான ஹார்மோன் ஊசியைத் தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும், நானே போடுகிறேன் என்று அருள்தாஸ் முந்திக்கொண்டான். பிட்டத்தின் ஒரு பக்கத்தை மனசுக்குள் நான்காகப் பிரித்து, வெளிப்பக்கமாக மேலே குத்த வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அவன் டெய்லர். குறி போடாமல் எதிலும் கை வைக்கமாட்டான். மாலையில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேஜையில் மனைவியைக் குப்புறப் படுக்கவைத்து, நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான்.

“அசையாத. கோடு கோணிக்கும்.”

“நான் என்ன ஜாக்கெட் பிட்டா?” என்பாள் ரெஜினா.

எண்ணெய் போன்ற அந்த மருந்து மெல்லத்தான் இறங்கும். அதுவரை அவள் மேஜையில் கிடக்கும் பித்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். வலி அந்த வட்டத்தைத் தாண்டி வராது என்று ஏனோ அவளுக்குத் தோன்றும்.

மூன்றாம் மாதம் முடிந்து எடுத்த ஸ்கேனில் குழந்தை கைகாலை உதறுவதைக் காட்டிய டாக்டர், இனி நஞ்சுக்கொடியே அந்த ஹார்மோனைச் சுரந்துகொள்ளும், ஊசி வேண்டாம் என்றார்.

அன்று மாலையில் ஷட்டர் இறங்கியதும் ரெஜினா மேஜையில் ஏறிப் படுத்தாள். இந்த முறை மல்லாந்து.

“ஊசிதான் இல்லையே” என்றான்.

அவள் சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். அவன் சாக்பீஸை எடுத்தான். ஊர்ப்பட்ட பேருக்கு அளந்து வெட்டிய கை, தொப்புளுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

“எவ்ளோ பெருசாப் போட?”

“இன்னைக்குச் சின்னதாப் போடுங்க.”