கறிவேப்பிலைக்கு எது நல்லது

பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு இலையெல்லாம் வெளுத்துக்கொண்டே வந்தது. வீட்டுக்காரர்கள் புளித்த மோர் ஊற்றினார்கள், குடித்தது. டீத்தூள் சக்கையைக் கொட்டினார்கள், அதையும் தின்றது. யார் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தது, பாவம்.

கம்பியில் வந்து உட்கார்ந்த காக்கையிடம் கேட்டது: "அக்கா, நீ நாலு மாடி பார்த்தவ. மத்த செடியெல்லாம் என்ன சாப்பிடுதுங்க? வெங்காயத் தோலா, முட்டை ஓடா? மோரை விட்டுடலாமா?"

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "போன வருஷம் தளதளன்னு இருந்தியே, அப்போ என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணுமில்லை. வெறும் தண்ணிதான்."

"பிறகு என்ன ஆச்சு?"

செடி ஒரு கிளையால் எதிரே காட்டியது. வானத்தை முழுசாக அடைத்துக்கொண்டு புது அடுக்குமாடியின் சுவர் நின்றது.

"உனக்கு வேண்டியது வெயில்டி" என்றது காக்கை.

"அது எனக்குத் தெரியாதா அக்கா? கிடைக்கிறதுல எது நல்லதுன்னு சொல்லு."

காக்கை வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முட்டை ஓடு" என்றது கடைசியில். "முட்டை ஓடு ரொம்ப நல்லது."