நீல நூல் தகடுகள்

மசூது இரண்டாவது முறையாக ஆயுதத்தை மாற்றினார். முதலில் துணி துவைக்கிற நைலான் பிரஷ், பிறகு தேங்காய் நார், இப்போது பழைய பல் பிரஷ். கையிலிருந்த பிளாஸ்டிக் தகட்டில் பிடித்திருந்த வழுக்கல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"காலங்காத்தால கொல்லையில என்ன செய்யுதிய?" அடுப்படி ஜன்னல் வழியாக ஜாஹிரா பீவி கேட்டாள்.

"மெதுவாப் பேசு. உம் மக காதுல விழுந்துரப் போவுது."

"அவ டீச்சரைக் கூட்டிட்டு வர பஸ் ஸ்டாப்புக்குப் போயாச்சி. அங்கன வரைக்கும் கேக்கணும்னா நீங்க ஷார்ஜாவுலேருந்து போன் பேசின மாதிரிலா கத்தணும்."

ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷமும் மசூதுக்கு ஒரே வேலைதான். மாடி மாடியாக ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. பாசி, வழுக்கல், கறை எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. ஊரோடு வந்துவிட்ட பிறகும், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யக் குனிந்தால் விரல் தானாகத் தொட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்க்கும்.

அதனால்தான் மகள் ஹுஸ்னா தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "கண்ணுக்குத் தெரியாத நானோ துகளை பிளாஸ்டிக்குல பூசுதோம் வாப்பா. அப்புறம் அதுல கிருமி ஒட்டுத விஷயம் நம்ம கைக்கு வந்துரும்" என்று அவள் ஆரம்பிக்கும்போதே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

"இனிமே உலகத்துல தொட்டி கழுவுதவனுக்குச் சோலி இல்லை. எம் மக முடிச்சி விட்டுட்டா" என்று மேலகரம் ஊர் முழுக்கத் தெரியப்படுத்தியும் ஆயிற்று.

ஆய்வகத்தில் இடமில்லை என்று ஆராய்ச்சித் தொட்டி இவர்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்தது. அதில் குற்றாலத்து ஓடைத் தண்ணீர். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றவர்கள் விட்டுப் போன எண்ணெயும் ஷாம்பூவும் கலந்தது. ஒரு மாதத்துக்கு முன் ஹுஸ்னா கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றியபோது மேலே பல வண்ணத்தில் படலம் மிதந்தது. அதற்குள் பத்துத் தகடுகளைத் தொங்கவிட்டாள். மருந்து பூசிய ஐந்துக்கு நீல நூல், பூசாத ஐந்துக்கு வெள்ளை நூல்.

இன்று விடிந்ததும் மசூது மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் அடி தெரியக் கிடந்தது. வெள்ளை நூல் தகடுகள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தன. நீல நூல் தகடுகளில்தான் பாகு ஊற்றிக் காய்ந்தமாதிரி கட்டியாகப் பிடித்திருந்தது.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் எப்சிபா டீச்சர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஹுஸ்னா மூன்றாம் வருஷத்துக்குப் போக முடியும். இல்லையென்றால் இரண்டு வருஷ உழைப்பும் முதலிலிருந்து.

"அவ்வளவு சங்கடமா இருந்தா நூலை மாத்திக் கட்டி விட்ருங்களேன்" என்றாள் ஜாஹிரா பீவி.

"அது கள்ளத்தனம்லா."

"அப்ப ஒரு மாசமாப் பிடிச்சதைத் தேய்ச்சி எடுக்கது?"

"இது தொழில்" என்றார் மசூது, தேய்ப்பதை நிறுத்தாமல்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்தில் ஒன்றுகூட வெளுக்கவில்லை. அவசரமாகத் தகட்டைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

எப்சிபா டீச்சர் தகடுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அதன் பிறகுதான் ஒரு நீல நூலைத் தூக்கினார். மசூதுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லிருதேன். காலையில இதையெல்லாம் நான் தேய்ச்சேன்."

"வாப்பா" என்றாள் ஹுஸ்னா. அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

டீச்சர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். "எதை வச்சி அண்ணாச்சி தேய்ச்சிய?"

"நைலான் பிரஷ். பிறகு தேங்காய் நார். கடைசியா பல் பிரஷ்."

டீச்சர் எழுதிக்கொண்டார். "எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி இருக்கும்." அவர் சொல்லச் சொல்ல டீச்சர் ஒரு வரி விடாமல் எழுதுவது, மகளுடைய படிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் போடுவதுபோல் இருந்தது.

"லேசாத் தேய்ச்சியளா, அழுத்தியா?"

"அழுத்தித்தான் மேடம். இருபத்திரண்டு வருஷம் இதே சோலி பாத்த கை. இதுவரைக்கும் ஒரு தொட்டியில தோத்ததில்லை. இதுல ஒரு பொட்டுகூடப் பெயரலை." மசூதின் குரல் இறங்கியது. "மருந்துதான் சரியில்லை போலுக்கு. புள்ளை மேல தப்பு இல்லை. ராப்பகலா உழைச்சிருக்கா. ஏதோ பாத்து, இன்னொரு தடவை செய்ய விடுங்க."

டீச்சர் ஹுஸ்னாவைப் பார்த்தார். ஹுஸ்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்; தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாள் என்று மசூதுக்கும் கண் கலங்கியது.

டீச்சர் நோட்டின் அடியில் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடினார்.

"கிருமி ஒட்டி உக்காந்து எண்ணெயைத் திங்கட்டும்னுதான அண்ணாச்சி மருந்தே பூசினோம்."