நின்றுபோகும் படம்

நீலமேகம் செருப்பைக் கழற்றுவதற்குள் சங்கமித்ரா கத்தத் தொடங்கிவிட்டாள்.

வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் கொடுத்தவன் அவன்தான். முன்னறை நெட் பெட்டியிலிருந்து நைனாவின் கட்டிலோரம் இருக்கும் லேப்டாப் வரை ஒயர் இழுத்ததும் அவன்தான். கனடாவிலிருந்து அவள் அண்ணன் அசோகன் பேச ஆரம்பித்து நாலு வார்த்தை ஆவதற்குள் படம் நின்றுவிடும். வாய் திறந்தபடி அப்படியே இருப்பான். பிறகு லைனே போய்விடும்.

பக்கவாதத்தில் விழுந்த நைனா குணசேகரனுக்கு வாரம் முழுக்கக் காத்திருந்து கிடைப்பது அந்த நாலு வார்த்தைதான்.

"ஆபீஸுக்கு போன் பண்ணா பிளானை மாத்துன்றான். படுத்துகினு கீற மனுசன், பெத்த புள்ள மூஞ்சிய முழுசா பாக்க வாணாமா?"

நீலமேகம் ஒயரை வெட்டி, உள்ளே இருந்த கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டினான். செம்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம்.

"டூப்ளிகேட்டு, அக்கா. கடைக்காரன் என்னையும் ஏமாத்திட்டான்."

அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கலீஜ் கம்பிக்காகவா நைனா ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார்?

அசல் செம்பு ஒயரை இழுத்து முடித்து ஸ்பீடு பார்த்துக் காட்டினான். மூன்றில் நொண்டிக்கொண்டிருந்த எண் தொண்ணூறைத் தாண்டி ஓடியது. அவன் படியிறங்கியதும் அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

சாயங்காலம் அசோகன் திரையில் வந்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. மீசை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

குணசேகரன் கோணிய வாயால் சொற்களைத் தேடித் தேடிக் கேட்டார்.

"எப்படா வருவ?"

அசோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். படம் நின்றுவிட்டது. கண்கூட இமைக்கவில்லை.

சங்கமித்ரா போனைப் பாய்ந்து எடுத்தாள். இன்றைக்கு அந்த நீலமேகத்தை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும். எண்ணைத் தேடிய விரல் பாதியில் தயங்கியது.

அசையாத அண்ணனுக்குப் பின்னால், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, பனி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பஞ்சு பஞ்சாக, அவசரமே இல்லாமல்.

தொண்டைவரை வந்த வார்த்தையை அவள் துப்புவதற்குள் நைனாவின் நல்ல கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் பார்வையும் அந்த ஜன்னல் மேல்தான் இருந்தது.

"நெட்டு போச்சும்மா. வச்சிடு" என்றார்.