தைப்பூசத்தன்று போட்ட படம்

"இருநூத்தி எழுபத்திரண்டு படி ஏறுற ஆளு, கிரேன் ஏணி ஏற மாட்டாராமா டாக்டர்? நல்லா இருக்கே கதை!"

காப்புறுதி நிறுவனத்து ஷாமினியின் குரல் போனில் கணீரென்று கேட்டது. கிள்ளானில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தாமரை, ஷாமினி அனுப்பியிருந்த படத்தைத் திறந்தாள்.

பத்துமலை முருகன் கோயில் படிக்கட்டு. மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம், வாய்கொள்ளாச் சிரிப்பு. சந்தேகமே இல்லை, அவளிடம் வைத்தியம் பார்க்கும் துறைமுகக் கிரேன் ஓட்டுநர் லோகன்தான். படத்தின் ஓரத்தில் யாருடைய கையோ அவன் தோளில் கிடந்தது.

"தைப்பூசத்தன்னிக்கு அவரே ஃபேஸ்புக்ல போட்டது. மனசு சரியில்லன்னு மூனு மாசமா நீங்க எம்.சி. லீவு எழுதிக் குடுக்குறீங்க, எங்க கம்பெனி சம்பளம் கட்டுது. இவரு சிரிச்சிக்கிட்டு மலை ஏறுறாரு லா!"

"அவரு ஓட்டுன கிரேன்லேருந்து கொண்டெய்னர் விழுந்து, கூட வேலை செஞ்ச கன்னையா அந்த இடத்துலயே செத்துட்டாரு, ஷாமினி. லேசுப்பட்ட விஷயமா அது?"

"பாவந்தான். ஆனா நீங்க இப்படி நீட்டிக்கிட்டே போனா, பேனல் லிஸ்ட்ல உங்க கிளினிக் எதுக்குன்னு மேல உள்ளவங்க கேப்பாங்க. நான் என்ன பண்ண?"

ஷாமினி போனை வைத்துவிட்டாள். தாமரையிடம் வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் அந்த நிறுவனத்தின் பேனல் பட்டியலைப் பார்த்து வருகிறவர்கள்தான். பயம் ஒரு பக்கம் என்றால், ஆத்திரம் இன்னொரு பக்கம். துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்தாலே வேர்த்துக் கொட்டுகிறது என்று போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதானே! அவனுக்காக எத்தனை படிவம், எத்தனை கடிதம்! ஒவ்வொரு முறையும் காலையில் நடங்கள், நாலு பேரிடம் பேசுங்கள் என்று என்னென்னவோ சொல்லி அனுப்பினாளே. அத்தனையும் நாடகமா?

'திங்கள் முதல் பணிக்குத் தகுதியானவர்.' கையெழுத்துப் போட்டு, சூட்டோடு சூடாக ஷாமினிக்கு அனுப்பியும் விட்டாள்.

பத்து நிமிடத்தில் லோகன் உள்ளே வந்தான். தூங்காத கண்கள் வீங்கியிருந்தன.

"டாக்டர், இன்னும் ஒரு மாசம் மட்டும்..."

"திங்கக்கெழம வேலைக்குப் போங்க, லோகன். ரிப்போர்ட் அனுப்பிட்டேன்."

"கிரேன்லயா?" அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "என்னால முடியாது டாக்டர். மேல ஏறுனா, கீழ அவன்தான் நிக்கிறான்."

"பத்துமலை ஏற மட்டும் முடியுதா?" படத்தை அவன் பக்கம் திருப்பினாள். "என்னையே ஏமாத்திட்டீங்களே!"

லோகன் குனிந்து பார்த்தான். பிறகு தன் போனைத் துழாவி எடுத்து, அதே படத்தை முழுசாகக் காட்டினான். அவன் தோளில் கை போட்டபடி, இன்னொரு பால்குடத்தோடு இன்னொருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதான் கன்னையா. போன வருஷம் எடுத்தது. இந்த வருஷம் நான் வீட்ட விட்டே எறங்கல." அவன் போனை அவள் முன்னால் வைத்தான். "நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, அவன் போட்டோவ ஒளிச்சு வைக்காதீங்க, தைப்பூசத்தன்னிக்காவது எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்கன்னு?"