வெள்ளிக்கிழமை ஜோடி

இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குள் நுழைந்த லாக்லன், தன் தேநீர்க் கோப்பையைக்கூட எடுக்காமல் கதவருகிலேயே நின்று சொல்லிவிட்டான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஆலிஸ்டர் என் வீட்டுல வாடகைக்கு இருக்கற ஆள் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஜோடி."

முந்தின நாள்தான் எடின்பரோ பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தைத் தூக்கியிருந்தார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நல்லபடியாக ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று ஸ்காட்லாந்து முழுக்க இருந்த சட்டம்.

அது வந்த நாளிலிருந்து லாக்லன் வாய்க்குப் பூட்டு. தன்னைப் பிடிக்க அதில் இடமிருக்கிறதா என்று அவன் படித்துப் பார்த்ததில்லை. பயத்துக்குப் படிப்பு எதற்கு? பிள்ளைகள் ஏதாவது கேட்டால் "கணக்கைப் பாரு" என்பான். மற்ற ஆசிரியர்கள் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவான். எங்கள் கரையில் மழைக்குப் பஞ்சமே இல்லை.

அறையிலிருந்த எல்லாரும் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. ரோனாவை மட்டும் பார்த்தான்.

பூகோளம் எடுக்கும் ரோனாவைப் பள்ளிக்கூடமே அவனுக்கு நிச்சயம் செய்து வைத்திருந்தது. யாரோ கிளப்பிவிட்டார்கள். அவன் மறுக்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. ஊர் வாயை மூட அவனுக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு அதற்குத் தக்கபடி நடக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமைதோறும் துறைமுகத்துக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பொரித்த மீன் தின்றார்கள். வருஷக் கடைசி நடன விருந்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நடனத்தின்போது தவிர அவன் அவள் கையைப் பிடித்ததே இல்லை. அவளும் ஏனென்று கேட்டதே இல்லை.

கேட்காததுதான் அவனை அரித்தது. நல்ல மனசுக்காரி, எனக்காகக் காத்திருக்கிறாள், அவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று மருகினான். தனியாகச் சொல்லிவிடலாமென்று போன வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தவன், அதில் மீனைத்தான் போட்டுக்கொண்டான்.

முதலில் எழுந்தவர் மிசஸ் கெடஸ். சமையல் பாடம் எடுப்பவர். விருந்துக்கு நாற்காலி ஒதுக்குவதிலிருந்து ஊர்க் கல்யாணம் வரை எல்லாம் அவர் கையில்.

"ஏம்ப்பா, கல்யாணம் பண்ணிக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே? சட்டம் போன மறுநாளே இப்படி ஒரு சாக்கா? உனக்கு வெக்கமா இல்ல?"

உடற்பயிற்சி ஆசிரியர் "ச்சே" என்றார். எல்லாத் தலையும் ஆடியது.

இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததைப் போட்டு உடைத்தால், நம்ப ஒரு நாதியில்லை. லாக்லனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"சத்தியமா சொல்றேன் மிசஸ் கெடஸ்."

"நீ பேசாத. அந்தப் பொண்ணைப் பாரு."

ரோனா முகத்தைக் கைகளில் புதைத்திருந்தாள். தோள்கள் குலுங்கின. யாரோ தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டு அவளிடம் ஓடினார்கள்.

லாக்லன் அவள் முன்னால் போய் மண்டியிட்டான். பின்னாலிருந்து மிசஸ் கெடஸ் "அப்பாடா" என்பது கேட்டது.

"மன்னிச்சுடு ரோனா. உன் வாழ்க்கையவே நான்..."

அவள் கைகளை எடுத்தாள். அது அழுகையில்லை, மூச்சு முட்டுகிற சிரிப்பு. குனிந்து அவன் காதில் சொன்னாள்.

"அட மக்கு. உன் மனசு ஒடஞ்சுடுமேன்னுதான் நான் வாயே தெறக்கல. நம்ம பல் டாக்டர் ஷீனா இருக்காளே, அவதான் எனக்கு எல்லாம். உன்னால வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுல எனக்கு அர்ச்சனை."

போன குளிர்காலத்தில் தன் கடைவாய்ப் பல்லை டாக்டர் ஷீனா ஏன் அப்படிப் பிடுங்கினாள் என்பதுதான் லாக்லனுக்கு முதலில் விளங்கியது.

மற்றது பிறகுதான் உறைத்தது. ஆலிஸ்டரை அவன் வீட்டில் தனியாக விட்டுவிட்டு, ஷீனாவை அவள் விட்டுவிட்டு, ஒருவர்மேல் ஒருவர் இரக்கப்பட்டே இத்தனை வெள்ளிக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்படியே அவளைக் கட்டிக்கொண்டான்.

அறையே கை தட்டியது.

"கல்யாணத்த அக்டோபர்ல வெச்சுக்கலாம்," என்றார் மிசஸ் கெடஸ், கண்ணைத் துடைத்தபடி. "வருஷக் கடைசி விருந்துல உங்களுக்கு முன்வரிசையில ரெண்டு நாற்காலி."

"நாலு போடுங்க," என்றாள் ரோனா. "இவனுக்கு ஆலிஸ்டர். எனக்கு ஷீனா. பல் டாக்டர் ஷீனா. வெளையாட்டுக்குச் சொல்லல."

கைதட்டல் நின்றது. மிசஸ் கெடஸ் இடுப்பில் கை வைத்து மூச்சை இழுத்தார்.

ஊரில் இருப்பது ஒரே பல் டாக்டர். வருகிற திங்கட்கிழமை மிசஸ் கெடஸுக்கு அங்கே இரண்டு பல் எடுக்க வேண்டியிருந்தது.

இழுத்த மூச்சை மெல்ல விட்டார். கடைவாயை நாக்கால் ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொண்டார்.

"நாலு நாற்காலி. சரி," என்றார். "டாக்டரம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டுச் சொல்லும்மா. அதையே செஞ்சுடறேன்."